பல்லால் கேட்டது

டெனிஸ் ஓல்ட்ராய்ட் அதைக் குழந்தை வண்டியில் வைத்துத்
தள்ளிக்கொண்டு வந்தாள்,
மேலே தன் மழைக்கோட்டைப் போர்த்தி,
தான் நனைந்து.
ஹல் நகரத்தில் பிப்ரவரி அப்படித்தான்,
மழை மேலிருந்து வராது, பக்கத்திலிருந்து வரும்.

"இசைத்தட்டு கழுவுகிற மெஷின்.
பழைய வானொலி நிலையத்துச் சாமான், ஏலத்தில் எடுத்தேன்.
நனைக்கிறது, சுற்றுகிறது,
உறிஞ்சத்தான் மாட்டேனென்கிறது.
யாரோ உங்களைச் சொன்னார்கள், மிஸ்டர் தாக்ரே."

நான் பல் மருத்துவர்களின் ஆள்.
சாயும் நாற்காலி, துளைக்கும் கருவி, எச்சில் உறிஞ்சும் குழாய்.
முப்பத்தொரு வருடம்
இந்த ஊர் வாய்களின் பின்கட்டில் வேலை.
பாட்டெல்லாம் நமக்கு ஆகாது என்றேன்.
அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்பலகையின் எட்டுத் திருகுகளில்
ஏழு வந்தன.
எட்டாவதன் தலை மழுங்கியிருந்தது;
சொத்தைப் பல்லைப் போலத் துளையிட்டு எடுத்தேன்.
உள்ளே பார்த்ததும் சிரிப்பு வந்தது:
அதே பம்ப்.
பெவர்லி ரோட்டில் ஒரு மருத்துவர் ஓய்வுபெறும்வரை
மாதாமாதம் என்னைக் கூப்பிட்டு அழுத
அதே பம்ப்.

ரப்பர் சவ்வு பிஸ்கெட் ஆகியிருந்தது,
தொட்டால் உதிர்ந்தது.
குழாய்கள் மஞ்சளாகி, வளைந்த இடத்திலெல்லாம் வெடிப்பு.
அடியில் ஒரு கண்ணாடி ஜாடி,
கழுவிய நீர் சேரும் இடம்.
நீர் எப்போதோ காய்ந்துபோய்
சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை வண்டல்.
எத்தனையோ இரவுகளின் ஒலிபரப்பிலிருந்து
வழித்தெடுத்தது:
சிகரெட் சாம்பல், கம்பளிப் பிசிறு, யாருடையவோ தோல்.
அவள் அதைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.
நான் தொட்டியில் கவிழ்த்து
வெந்நீர் விட்டேன்.

சவ்வு கையிருப்பில் இருந்தது. நூல்தான் இல்லை.
இந்த மெஷினின் சூட்சுமமே நூல்:
உறிஞ்சும் நுனி தட்டைத் தொடக் கூடாது,
தொட்டால் கீறல், விலகினால் ஈரம்.
நடுவே ஓடுகிறது ஒரு நைலான் இழை,
அழுக்கானதும் தன்னையே குழாய்க்குள் இழுத்துக்கொண்டு.
நூலிழையில் தப்பித்தது என்பார்களே,
ஒவ்வொரு தட்டும் இங்கே அப்படித்தான் தப்பிக்கிறது.
தையல்கடை வின்னியிடம் ஒரு கண்டு வாங்கினேன்.
எதற்கென்று சொன்னேன். நம்பவில்லை.

மின்சாரம் கொடுத்தேன்.
இதை இப்போது சொல்லவேண்டியிருக்கிறது:
என் காதுகள் பாதி போய்விட்டன.
முப்பத்தொரு வருடம் கம்ப்ரசர்கள்
ஊதிக்கொண்டே இருந்த சங்கு.
கீச்சென்ற எதுவும் கேட்காது,
குருவி, டெலிபோன்,
கோபத்தில் என் மகள் பேசும் கடைசி வார்த்தைகள்.
ஆகவே திருப்புளியின் கைப்பிடியைப் பல்லில் கடித்து
முனையைப் பம்ப்மேல் வைத்தேன்.
தாடை வழியே ஏறியது
டக் டக் டக், பிசிறில்லாமல்.
மானியின் முள் ஏறிப்போய் நின்றது.

கடையிலிருந்து ஒரு தட்டு எடுத்துவந்திருந்தாள்,
பூஞ்சை பிடித்தது, விலைச்சீட்டு கிழிந்தது.
உறிஞ்சும் கை மையத்தில் தொடங்கி
வெளியே வெளியே என்று நகர,
பின்னால் கறுப்பு உலர்ந்தது.

தன் சின்ன பிளேயரில் போட்டாள்.
ஊசி இறங்கியது.
நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
பொரிகிற சத்தம் போயிற்றா?
"பாதி" என்றாள்.
பிறகு, "இல்லை, முக்கால்."

திருப்புளி இன்னும் கையில் இருந்தது.
ஏன் என்று கேட்காதீர்கள்,
மறுபடி கடித்து
முனையை பிளேயரின் மரப்பெட்டியில் ஊன்றினேன்.
கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு டபுள் பேஸ்
நடந்து வந்தது,
அவசரமே இல்லாமல்.
அதற்கு மேலே யாரோ ஏதோ பாடியிருக்க வேண்டும்.
அது எனக்கு வரவில்லை.

பில் எழுதினேன்:
சவ்வு ஒன்று, குழாய் நான்கு மீட்டர், நூல்கண்டு.
எட்டாவது திருகுக்குப் பணம் போடவில்லை.
மழைக்கோட்டை இந்த முறை
அவளே போட்டுக்கொண்டு,
மெஷினுக்கு என் மேஜைவிரிப்பைக் கேட்டாள்.